ஏ-க்கு ஆம்பாய்: மொஹாவி பாலைவனத்து ரயில்வே ஊர்கள் ரெண்டு தடவ காலியான கதை

கலிஃபோர்னியா மேப்ப எடுத்து பார்ஸ்டோவுக்கும் நீடில்ஸுக்கும் நடுவுல இருக்கற பாலைவனத்த பெருசு பண்ணிப் பாருங்க. மேல ஐ-40ங்கற பெரிய இன்டர்ஸ்டேட் ஹைவே கிட்டத்தட்ட நேர்கோடா போகும். அதுக்குக் கீழ, தொங்கவிட்ட கொடிக்கயிறு மாதிரி ரூட் 66ங்கற பழைய ஹைவே, அத ஒட்டியே ஒரு ரயில் லைன். அந்தக் கயித்துல மேற்குல இருந்து கிழக்கா ஊர்ப்பேர படிச்சுக்கிட்டே வாங்க. ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டேன்பி, எசெக்ஸ், ஃபென்னர், காஃப்ஸ், ஹோமர், ஐபிஸ், ஜாவா. ஏ, பி, சி, டினு ஆரம்பிச்சு ஜே வரைக்கும் அப்படியே வரிசை. ஒண்ணு ரெண்டு பேரு பின்னாடி மாறிடுச்சு, பிரிஸ்டல் போலோ ஆயிடுச்சு, ஆனா வரிசை கலையல.

இந்த ஊர்களப் பத்தி யாரக் கேட்டாலும் ஒரே வரிதான் சொல்வாங்க, 1973-ல ஐ-40 வந்துச்சு, ஊரெல்லாம் செத்துப் போச்சு. ஆம்பாய்ல முதல் தடவ வண்டிய நிறுத்தி ராய்ஸ்ங்கற பழைய பெட்ரோல் பங்க்கோட பெரிய போர்டு முன்னாடி போட்டோ எடுத்தப்ப நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். அப்புறம் தேதிகள வரிசையா எழுதி வச்சுப் பாத்தப்பதான் கதை அப்படி இல்லனு புரிஞ்சுது. ஹைவே வந்து ஒரு உயிருள்ள ரயில்வே ஊர கொன்னுடல. ரயில்வே தனக்கு வேண்டாம்னு கைய விட்ட ஊர ஹைவேதான் ஒரு தலைமுறைக்குத் தாங்கிப் பிடிச்சுது, அப்புறம் அதுவும் விட்டுடுச்சு. ரெண்டு தடவயும் ஊர்க்காரங்க எந்தத் தப்பும் பண்ணல. அவங்களுக்கு சோறு போட்ட மெஷின் மாறிச்சு, அவ்வளவுதான்.

முதல்ல ரயில். 1880-கள் ஆரம்பத்துல அட்லாண்டிக் அண்ட் பசிஃபிக் கம்பெனி அரிசோனா வழியா மேற்க வந்துக்கிட்டிருக்கு. தன்னோட ஏரியாவான கலிஃபோர்னியாக்குள்ள அவங்க நுழையக் கூடாதுனு சதர்ன் பசிஃபிக் கம்பெனி அவசர அவசரமா மொஹாவிங்கற ஊர்ல இருந்து கிழக்க லைன் போட ஆரம்பிச்சுது. 1883-ல கொலராடோ ஆத்தங்கரையில நீடில்ஸ் கிட்ட ரெண்டும் ஒண்ணு சேந்துச்சு. அடுத்த வருஷமே சதர்ன் பசிஃபிக் அந்த லைன குத்தகைக்கு விட்டுடுச்சு, கடைசியில அது சான்டா ஃபே ரயில்வே கம்பெனி கைக்கு வந்து சேந்துச்சு. அட்லாண்டிக் அண்ட் பசிஃபிக்குக்கு தடம் பாத்துக் குடுத்த இன்ஜினியர் லூயிஸ் கிங்மேன்தான் ஸ்டேஷனுக்கெல்லாம் இந்த ஏ பி சி டி பேர வச்சாருன்னு சொல்வாங்க. அரிசோனாவுல இருக்கற கிங்மேன் ஊரு அவர் பேர்லதான் இருக்கு.

பேரு வச்ச விதத்த கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊருக்கு ஆறு, மலை, சாமி, அங்க வாழ்ந்த மனுஷங்க, இப்படி ஏதாவது ஒண்ண வச்சுத்தான் பேரு வரும். இங்க வெறும் எழுத்து வரிசை. ஏன்னா அங்க ஊருன்னு ஒண்ணும் இல்ல. இன்ஜின் எங்கெங்க நிக்கணுமோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வச்சாங்க, புள்ளிக்கு ஒரு பேரு வேணும், வச்சாங்க.

நீராவி இன்ஜின் தண்ணி குடிக்கற ஜந்து. வழியில திரும்பத் திரும்ப டேங்க்க நிரப்பணும், பாலைவன வெயில்ல மேடு ஏறணும்னா இன்னும் அதிகம். தடத்தப் பாத்துக்க அஞ்சு பத்து மைலுக்கு ஒரு கேங் வேணும், தந்தி அடிக்க ஆளு வேணும், எதிர்ல வர்ற வண்டிக்கு ஒதுங்க லூப் லைன் வேணும். இது எல்லாத்துக்கும் சேத்துத்தான் அந்தப் புள்ளிகள். ஆனா புள்ளி வச்ச இடத்துல எல்லாம் தண்ணி இருந்துச்சான்னா இல்ல. ஆம்பாய்க்குப் பக்கத்துல இருக்கறது பிரிஸ்டல் உப்பு ஏரி, வருஷம் முழுக்க காஞ்சு கிடக்கும், இன்னிக்கும் அங்க கால்சியம் குளோரைடும் உப்பும்தான் எடுக்கறாங்க. நிலத்தடி தண்ணிய வாயில வைக்க முடியாது. நியூபெரி ஸ்பிரிங்ஸ்ல இருந்து டேங்கர் வேகன்ல தண்ணி ஏத்திட்டு வந்து லட்லோ மாதிரி ஸ்டேஷன்களுக்கு ஊத்துனாங்க. ஆம்பாய்க்கு கொஞ்சம் மேற்க பாக்தாத்னு ஒரு ஸ்டேஷன் இருந்துச்சு, அங்க 1912 அக்டோபர் 3-ல இருந்து 1914 நவம்பர் 8 வரைக்கும் 767 நாள் ஒரு சொட்டு மழை இல்ல. அமெரிக்காவுலயே மழை இல்லாத நீண்ட காலம் அதுதான்.

அந்த இடத்துலயும் மனுஷங்க குடும்பம் நடத்துனாங்க. சதர்ன் பசிஃபிக் லைன் போட்டப்ப முதுகு ஒடிஞ்சது சீனத் தொழிலாளிங்களுக்கு. 20-ம் நூற்றாண்டுல தடத்தப் பராமரிச்ச கேங்மேன்கள்ல பெரும்பாலானவங்க மெக்ஸிகோக்காரங்க, பழைய ஸ்லீப்பர் கட்டையில சுவர் எழுப்பி பிள்ளைங்களோட அதுலயே இருந்தாங்க. கிங்மேனுக்கு ஒரு ஊரே இருக்கு, 110 டிகிரிக்கு மேல அடிக்கற வெயில்ல சுத்தியல் தூக்குனவங்களுக்கு ஒரு சைடிங்குக்குக் கூட பேரு வைக்கல. இது எனக்கு மனசுல நிக்கற விஷயம், சொல்லாம போக முடியல.

இப்ப ரோடு. 1910-கள்ல கார் வெச்சிருந்தவங்க கிழக்குல இருந்து கலிஃபோர்னியா வரணும்னா பாலைவனத்த எப்படித் தாண்டறது? ரயில் தடத்த ஒட்டியே வண்டிய விட்டாங்க. ரேடியேட்டர் காஞ்சா ஸ்டேஷன்ல தண்ணி கிடைக்கும், அச்சு முறிஞ்சா கேங் ஆளுங்க இருப்பாங்க, உயிர் போற நிலைமைனா தந்தி குடுக்கலாம், எதுவுமே இல்லன்னா வர்ற ரயில கைகாட்டி நிறுத்தலாம். 1912-ல நேஷனல் ஓல்ட் டிரெயில்ஸ் ரோடுன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு இந்தத் தடத்தத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, சதர்ன் கலிஃபோர்னியா ஆட்டோமொபைல் கிளப் வழியெல்லாம் கைகாட்டி போர்டு நட்டுச்சு. 1926 நவம்பர்ல நாடு முழுக்க ஹைவேக்கு நம்பர் போட்டப்ப இதே மண் ரோடுதான் ரூட் 66 ஆச்சு. தார் போட்டு முடிக்க 1930-கள் ஆயிடுச்சு.

ரோட்டுக்குனு தனியா யாரும் தடம் தேடல, ரயில் தடத்த காப்பி அடிச்சாங்க, கதையில முக்கியமான இடமே இதுதான். ரயிலுக்கு செங்குத்தா ஏற முடியாது, அதனால அது பிரிஸ்டல் மலைய சுத்திக்கிட்டு தெற்க இறங்கி, தாழ்வான உப்பு ஏரி ஓரமா போயி, மறுபடி வடகிழக்க காஃப்ஸ் பக்கம் ஏறிச்சு. காருக்கு அந்த சுத்து தேவையே இல்ல. ஆனா தண்ணி அங்கதான் இருந்துச்சு, அதனால காரும் சுத்திச்சு. அந்த சுத்துதான் ஆம்பாயோட வாழ்வு, அந்த சுத்து தேவையில்லன்னு யாராவது கண்டுபிடிக்கற நாள்தான் அதோட சாவு.

அது எப்படி இருக்கும்னு காஃப்ஸ் 1931-லயே பாத்துடுச்சு. காஃப்ஸ் ஒரு காலத்துல பெரிய ஜங்ஷன். நீடில்ஸ் கடல் மட்டத்துல இருந்து 500 அடி கூட இல்ல, காஃப்ஸ் 2,500 அடிக்கு மேல, அதனால நீடில்ஸ்ல இருந்து வர்ற கூட்ஸ் வண்டிக்கெல்லாம் கூட ஒரு இன்ஜின் போட்டு ஏத்தி, காஃப்ஸ்ல கழட்டி திருப்பி அனுப்புவாங்க. 1893-ல அங்கிருந்து வடக்க சுரங்கங்களுக்கு ஒரு கிளை லைனும் போட்டாங்க. 1914-ல பிள்ளைங்களுக்கு ஒரு அழகான பள்ளிக்கூடம் கட்டுனாங்க. சுரங்கம் படுத்துச்சு, 1923-ல கிளை லைன கைவிட்டாங்க. அடுத்து 1931-ல ஹைவே இலாகா எசெக்ஸ்ல இருந்து மலை வழியா நேரா நீடில்ஸ் பக்கம் ரோட்ட வெட்டுனாங்க, ரயிலோட கூடவே போற வேலைய அந்த இடத்துல முதல் தடவையா விட்டாங்க. காஃப்ஸ், ஹோமர் எல்லாம் ரோட்டுக்கு வெளிய போச்சு. 1937-ல பள்ளிக்கூடத்த பூட்டிட்டாங்க. ஐ-40னு ஒரு வார்த்தை பொறக்கறதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடி நடந்தது இது, ஆனா ரூட் 66 பத்தி உருகி உருகி எழுதறவங்க இத ஏனோ தாண்டிப் போயிடறாங்க. காஃப்ஸ காலி பண்ணது எதிரி இல்ல, ரூட் 66-தான்.

மத்த ஊர்களுக்கு அந்த வருஷங்கள் நல்ல காலம். 1930-கள்ல ஓக்லஹோமா பக்கத்துல மண்ணெல்லாம் தூசியா பறந்து விவசாயம் போன குடும்பங்க பழைய கார்ல மெத்தை, பானை, கிழவினு ஏத்திக்கிட்டு இந்த ரோட்டுலதான் வந்தாங்க. எசெக்ஸ்ல ஆட்டோமொபைல் கிளப் ஒரு கிணறு வெட்டி இலவசமா தண்ணி குடுத்துச்சு, அந்த ரோட்டுல அது சாதாரண விஷயம் இல்ல, பல இடத்துல தண்ணிக்கு காசு வாங்குனாங்க. 1942-ல ஜெனரல் பேட்டன் இந்தப் பாலைவனத்துல போர்ப் பயிற்சி மையம் ஆரம்பிச்சாரு, 1944-ல மூடறதுக்குள்ள பத்து லட்சம் சிப்பாய்க்கு மேல பயிற்சி எடுத்தாங்க, எசெக்ஸ், காஃப்ஸ், ஐபிஸ் பேர்லயே முகாம்கள் இருந்துச்சு.

ஆம்பாய்ல 1938-ல ராய் க்ரௌல்ங்கறவர் ஒரு பெட்ரோல் பங்க் போட்டாரு. அவரோட மாப்பிள்ளை பஸ்டர் பர்ரிஸ் வந்து சேந்ததும் அது மெக்கானிக் ஷெட், ஹோட்டல், தங்கற ரூம்னு விரிஞ்சுது. ஊருக்கு கரண்ட் வேணும்னு பழைய ஸ்டூடிபேக்கர் பிக்கப்ப வச்சு பஸ்டரே கம்பம் நட்டு லைன் இழுத்துட்டு வந்தாருன்னு ஒரு கதை உண்டு, அது எவ்வளவு தூரம் நிஜமோ, ஆனா அந்த ஆள் அப்படிப்பட்ட ஆள்தான்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க. போர் முடிஞ்சு ஜனங்க கார் வாங்கி லீவுக்கு கிளம்புன காலம், ராத்திரி பகலா கடை ஓடுச்சு, ஊர்ல 700 பேர் வரைக்கும் இருந்ததா சொல்வாங்க. 1959-ல அந்த 50 அடி போர்ட நட்டாங்க, அம்பு மாதிரி, ராத்திரி மைல் கணக்குல தள்ளி இருந்தே தெரியற மாதிரி.

கார் கூட்டத்தப் பாத்துட்டு யாரும் ரயில் பக்கம் கவனிக்கல. 1940, 41-லயே சான்டா ஃபே டீசல் இன்ஜின் வாங்க ஆரம்பிச்சிருச்சு. மத்த கம்பெனிங்க யோசிச்சுக்கிட்டிருந்தப்ப இவங்க முந்திக்கிட்டதுக்கு காரணமே இந்தப் பாலைவனம்தான், டீசலுக்கு தண்ணி வேண்டாம். முதல் தலைமுறை கூட்ஸ் டீசல்ல மத்த எல்லா கம்பெனியையும் விட அதிகமா, 320 யூனிட் வாங்குனாங்க. 1950-கள் முடியறதுக்குள்ள நீராவி மொத்தமா போச்சு. தண்ணி டேங்க் தேவையில்ல, கூட தள்ற இன்ஜின் தேவையில்ல. சிக்னல எங்கயோ ஒரு ஆபீஸ்ல உக்காந்து மாத்தலாம்னு வந்ததும் தந்தி ஆளும் தேவையில்ல. தடம் சரி பண்ண மெஷின் வந்ததும் கேங் வீடுகள் காலி. 1883-ல இந்த ஊர்கள எதுக்காக வச்சாங்களோ அந்தக் காரணம் ஒண்ணொண்ணா உதிர்ந்துச்சு. முதல் தடவ ஊர் காலியானது இப்பதான், ஆனா ஹைவே வியாபாரம் அத மூடி வச்சுது, வெளிய தெரியல. ஹைவே விலகிப் போயிட்ட ஹோமர், ஜாவாவ பாத்தா தெரியும், அங்கெல்லாம் 1973 வந்து காலி பண்ண எதுவும் மிச்சம் இல்ல.

1956-ல இன்டர்ஸ்டேட் சட்டம் வந்துச்சு. பார்ஸ்டோ நீடில்ஸ் நடுவுல புது ரோடு, பிரிஸ்டல் மலைய நேரா வெட்டிப் போகணும். சான்டா ஃபே ரயில்வேயும் அதே வெட்டுல தன்னோட லைன நேராக்கிக்கலாம்னு ஆசைப்பட்டுச்சு. 1963-ல கலிஃபோர்னியா ஹைவே இலாகாவும் சான்டா ஃபேயும் அமெரிக்க அணுசக்தி கமிஷனும் சேந்து ஒரு திட்டம் ஆராய்ஞ்சாங்க, பேரு ப்ராஜெக்ட் கேரியால். 22 அணுகுண்ட மலைக்குள்ள புதைச்சு வெடிச்சு வழி பண்றது. இது கட்டுக்கதை இல்ல, நிஜமாவே கணக்குப் போட்டு அறிக்கை எழுதுனாங்க, மொத்த சக்தி 1,730 கிலோ டன், ஹிரோஷிமா குண்டப் போல நூறு மடங்குக்கு மேல. ஆம்பாய் அங்கிருந்து பத்துப் பதினோரு மைல்தான். அந்த ஊர்ல சமைச்சு சாப்பிட்டு பிள்ளைங்கள தூங்க வச்சுக்கிட்டிருந்தவங்க அந்தக் கணக்குல எந்த வரியில வந்தாங்கனு நினைச்சா வயிறு கலங்குது. நல்லவேளை, குண்டு வெடிக்கறதுல முடிவு இழுத்துக்கிட்டே போச்சு, காத்திருக்க முடியாம ஹைவே இலாகா சாதாரண முறையிலயே மலைய வெட்டிடுச்சு. ரயில்வே பழைய தடத்துலயே இருந்துடுச்சு.

1973-ல ஐ-40 திறந்தாங்க. சுத்து நேராச்சு. ஆம்பாய்ல வியாபாரம் மெல்லமா குறையல, ரோடு திறந்த உடனே நின்னு போச்சு. பெட்ரோல் போட வர்ற கார நம்பி இருந்த ஊர்ல கார் இல்ல, வேலை இல்ல, ஜனங்க கிளம்பிட்டாங்க. பாக்தாத்ல மிச்சமிருந்த கட்டிடங்களும் 1990-கள்ல தரைமட்டமாச்சு, இப்ப போனா ஒரு மரம்தான் அடையாளம். எசெக்ஸ் 1977-ல நாட்டுக்கே செய்தியாச்சு, எதுக்குனா இன்னும் டெலிவிஷன் சிக்னலே வராத ஊருன்னு, ஜானி கார்சனோட பிரபலமான டிவி ஷோவுக்கு ஊர்க்காரங்கள கூப்பிட்டாங்க. நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் நாட்டோட முக்கிய ரோடு வாசல்ல போன ஊரு அது.

சரி, எல்லா ஊரும் சாகலயே, லட்லோ ஏன் தப்பிச்சுது? லட்லோவுக்கு ஒரு காலத்துல மூணு ரயில் இருந்துச்சு. சான்டா ஃபே மெயின் லைன், தெற்க தங்கச் சுரங்கத்துக்கு ஒரு குட்டி லைன், அப்புறம் 1905-ல வெண்காரம் எடுத்துட்டு வர்றதுக்காக டெத் வேலி பக்கம் கிளம்புன டோனோபா அண்ட் டைட்வாட்டர். 1927-ல வெண்காரக் கம்பெனி போரான் பக்கம் சுரங்கத்த மாத்திடுச்சு, 1940-ல அந்த லைன் நின்னுச்சு, போர்க்காலத்துல தண்டவாளத்த பிடுங்கி இரும்புக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா லட்லோ ஒரு நடக்கற ஊரு. பழைய கடைத்தெரு தண்டவாளத்தப் பாத்து இருந்துச்சு, அப்புறம் ரூட் 66-ப் பாத்து புதுசா கட்டுனாங்க, ஐ-40 வந்ததும் எக்ஸிட் ஓரமா பங்க்கும் கடையும் போட்டாங்க. மூணு வரிசையும் பக்கத்துப் பக்கத்துலதான். ஊர்க்காரங்க கெட்டிக்காரங்கன்னு சொல்றத விட, ஐ-40 அங்க ஊர உரசிக்கிட்டுப் போச்சு, அவங்களால நகர முடிஞ்சுது. ஆம்பாய் பத்து மைல் நகர முடியாது.

நீடில்ஸ் வேற மாதிரி. அது வெறும் தண்ணி ஸ்டேஷன் இல்ல, ரயில் டிரைவரும் கார்டும் டூட்டி மாறற டிவிஷன் ஊரு. தண்ணி தேவையில்லன்னு சொல்லலாம், மனுஷனுக்கு தூக்கம் தேவையில்லன்னு எந்த டீசலும் சொல்ல முடியாது. அதனால ரயில்வே சம்பளம் நிக்கல. ஆறு பக்கத்துல, ஐ-40 ஊருக்குள்ளயே. 1908-ல கட்டுன எல் கார்செஸ் ஹார்வி ஹவுஸ், தூண் தூணா கோயில் மண்டபம் மாதிரி ஸ்டேஷனும் ஹோட்டலும் சேந்த கட்டிடம், 1949-ல மூடி, இடிக்கற நிலைமைக்கு வந்து, ஊர்க்காரங்க விடாம நின்னதால 2014-ல புதுப்பிச்சு திறந்தாங்க. காஃப்ஸ் பள்ளிக்கூடமும் அப்படித்தான், டென்னிஸ் கேஸ்பியர்ங்கற ஒரு மனுஷன் 1990-ல அந்த இடத்துக்கே குடிபோயி பழைய படத்தப் பாத்து அத நிமித்தி, பாலைவன ஜனங்களோட வாய்மொழியயும் படங்களையும் சேத்து ஒரு ஆவணக் காப்பகமே உண்டாக்கிட்டுப் போயிருக்காரு. எல்லா பிழைப்பும் போனதுக்கப்புறம் ஒரு ஊரு மிஞ்சறது இப்படி ஒருத்தராலதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆம்பாய 2005-ல வாங்குனவர் ஆல்பர்ட் ஒக்குரா, வான் பொய்யோ சிக்கன் கடைகள நடத்துனவர். ஊரு முழுசும் சேத்து 4,25,000 டாலர். பழையபடி நடக்க விடுவேன்னு சொல்லி வாங்குனாரு, 2008-ல பங்க் திறந்தாரு, 2019 நவம்பர்ல அந்த போர்டு மறுபடி எரிஞ்சுது. 2023 ஜனவரியில அவர் இறந்துட்டாரு. ஆனா ஹோட்டல முழுசா திறக்க முடியாம தடுத்தது காசு மட்டும் இல்ல, குடிக்கற தண்ணி. கீழ இருக்கறது அதே உப்புத் தண்ணி.

ரோட்டுக்கும் பிரச்சனை தண்ணிதான், ஆனா வேற மாதிரி. 1930-கள்ல போட்ட மரப்பாலம் நூத்துக்கும் மேல இருக்கு அந்த ரோட்டுல, ஒவ்வொரு காட்டாறுக்கும் ஒண்ணு. 767 நாள் மழை பெய்யாத ஊருதான், பெஞ்சா ஒரே மணி நேரத்துல பாலத்த தூக்கிட்டுப் போகுது. 2014 வெள்ளத்துல பல பாலம் போச்சு, ஆம்பாய்க்கு கிழக்க பெரிய நீளம் வருஷக்கணக்குல மூடிக் கிடந்துச்சு, பராமரிக்கற மாவட்டத்துக்கு அவ்வளவு பாலத்தையும் கட்ட கஷ்டம். 2016-ல இந்தப் பகுதி மொஹாவி டிரெயில்ஸ் தேசிய நினைவுச்சின்னம் ஆச்சு, நிலத்துக்குப் பாதுகாப்பு, பாலத்துக்கு அந்த அறிவிப்பால தானா காசு வந்துடாது.

போன தடவ ஆம்பாய்ல ஒரு சாயங்காலம் தண்டவாளம் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். மேல ஒரு கன்டெய்னர், கீழ ஒரு கன்டெய்னர்னு எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டேன், ஒரு கூட்ஸ் வண்டி முழுசா போக அவ்வளவு நேரம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துல இருந்து சிகாகோ போற சரக்கு, நாட்டுலயே ரொம்ப பிஸியான லைன்கள்ல ஒண்ணு, இப்ப பிஎன்எஸ்எஃப் கம்பெனியோடது. அந்த ரயில் ஒரு நாளும் நின்னு போகல, ஆம்பாய்ல நிக்கறதத்தான் நிறுத்திச்சு.

போறவங்க லட்லோலயே டேங்க்க நிரப்பிக்கோங்க. குடிக்க கேன் தண்ணி தாராளமா எடுத்துக்கோங்க. கிழக்க எந்தப் பாலம் மூடியிருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, மூடியிருந்தா வந்த வழியே திரும்பிடலாம். காஃப்ஸ் பள்ளிக்கூடத்துக்கு ஐ-40 வழியாவும் போகலாம், திறந்திருக்கற நாள் பாத்துட்டுப் போங்க, உள்ள அந்த பழைய கறுப்புப் பலகை முன்னாடி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க.